ஏழரை மணிப் புகை

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘காற்று’ ஒரு பாடம். சமூக அறிவியலில் ‘வானிலையும் காலநிலையும்’ ஒரு பாடம். முதலாவதில் மாசுகளின் பெயர்கள் வருகின்றன. இரண்டாவதில் வெப்பநிலை, அழுத்தம், காற்றின் திசை ஆகியவை வருகின்றன. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஒரே அளவு குப்பையைக் கொளுத்தினாலும் ஒரு நாள் புகை கண்ணை எரிக்கிறது, இன்னொரு நாள் இருந்த இடம் தெரியாமல் போகிறது, ஏன்?

மேலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை வைத்து மார்கழி, தை மாதங்களில் ஆறு பாடவேளைகள் எடுத்துக்கொள்கிறேன். செலவு என்று பார்த்தால் ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு பாக்கெட் சொட்டு நீலம், கடையில் வாங்கும் ஐஸ் கட்டி. மற்றதெல்லாம் பள்ளி வளாகத்திலும் கண்ணுக்கு எட்டும் அழகர்மலையிலும் இருக்கின்றன. மதுரைச் சமவெளியில் உள்ள எந்தப் பள்ளியிலும் இதைச் செய்யலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வகுப்பு சொட்டு நீலத்தில் தொடங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு. ஒரு குடம் தண்ணீரில் ஒரு சொட்டு. டம்ளர் கருநீலமாகிறது, குடத்தில் நிறமே தெரியவில்லை. விட்டது ஒரே சொட்டு. பிறகு பலகையில் ஒரு பெட்டி வரைகிறேன். பெட்டியின் அடி நம் ஊர். பெட்டியின் உயரம், தரையிலிருந்து எழும் புகை எவ்வளவு தூரம் மேலே கலக்க முடியுமோ அந்த உயரம். இதைக் கலப்பு உயரம் என்பார்கள். பெட்டியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுவது காற்று. உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் ஊரின் காற்றோட்டத் திறன். டெல்லிக்கான காற்றுத்தர முன்னறிவிப்பில் இந்த எண்ணைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அது வினாடிக்கு 6000 சதுர மீட்டருக்குக் கீழே போய், காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக வீசினால் மாசு கலைவதற்குச் சாதகமில்லாத நாள் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

இதை ஒரு பெருக்கல் கணக்காகவே கொடுத்துவிடலாம். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு பிற்பகல். கலப்பு உயரம் 2000 மீட்டர், காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை 10,000. காற்றே இல்லாத ஒரு குளிர்காலக் காலை. உயரம் 200 மீட்டர், காற்று வினாடிக்கு 1 மீட்டர். விடை 200. ஐம்பது மடங்கு வித்தியாசம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம், மதுரையில் அளந்தவை அல்ல என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த ஐம்பது அவர்களை உலுக்கிவிடும். அதே ஒரு கூடைச் சருகு, காலையில் கொளுத்துவதும் பிற்பகலில் கொளுத்துவதும் ஒன்றல்ல என்பது அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

மூடி போட்ட காலை

காலையில் மட்டும் உயரம் ஏன் குறைகிறது? இரண்டாவது வகுப்பு இதற்கு. மேலே போகப் போக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது சராசரி. பகலில் தரை சூடேறி, தரையை ஒட்டிய காற்று இலேசாகி எழும்பி, மேலே உள்ள காற்று கீழே வரும். உலை கொதிப்பது போன்ற இந்தப் புரட்டல்தான் புகையை உயரே இழுத்துக்கொண்டு போகிறது. மேகமில்லாத குளிர்கால இரவில் நடப்பது வேறு. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவாகக் குளிர்வதில்லை. கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு என்று அடுக்கு மாறிவிடுகிறது. இதுவே வெப்பத் தலைகீழ் மாற்றம். குளிர்ந்த காற்று கனமானது, எழும்பாது. போதாததற்கு அழகர்மலை, சிறுமலைச் சரிவுகளில் குளிரும் காற்று இரவில் வழிந்து அடிவாரத்துக்கு இறங்கி வரும். ஊரின் மேல் ஒரு மூடி விழுந்துவிடுகிறது.

சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வேண்டும். ஒன்றை ஐஸ் தண்ணீரிலும் மற்றொன்றை வெந்நீரிலும் ஐந்து நிமிடம் நிறுத்தி, ஈரத்தைத் துடைக்க வேண்டும். குளிர்ந்த பாட்டிலுக்குள் ஊதுபத்திப் புகையை நிரப்பி, வாயை ஓர் அட்டையால் மூடி, அதன் மேல் சூடான பாட்டிலைக் கவிழ்த்து வைத்து அட்டையை மெதுவாக உருவவும். புகை கீழேயே படிந்து கிடக்கும். பின்னால் கறுப்புத் துணி கட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் புகையின் மேல்விளிம்பு கோடு கிழித்தது போலத் தெரியும். அடுத்து சூடானதைக் கீழேயும் குளிர்ந்ததை மேலேயும் வைத்து அதையே செய்தால் சில நொடிகளில் இரண்டு பாட்டிலும் புகையால் நிறைந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும். இளைப்பு உள்ள பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம். ஊதுபத்தியை ஆசிரியரே கையாளட்டும்.

இந்த அடுக்கை அரசு எப்படிக் கண்டறிகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டின் பல இடங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்களை மேலே அனுப்புகிறது. நமக்குப் பக்கத்தில் சென்னை மீனம்பாக்கமும் காரைக்காலும். காலை 5.30, மாலை 5.30 என்பது வழக்கமான நேரம். உலகம் முழுவதும் ஏறத்தாழ அதே நொடியில் இப்படிப் பலூன்கள் எழும்புகின்றன. ஏறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போகும். தரையிலிருந்து சில நூறு மீட்டர் வரை வெப்பநிலை ஏறியிருந்தால் அங்கே மூடி இருக்கிறது என்று பொருள். காலை வேளைப் பலூனில் அது அடிக்கடி பிடிபடும்.

இந்த மூடியின் விலை என்ன என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரம் நிலக்கரிப் புகையில் மூழ்கியது. அடுப்புகளும் ஆலைகளும் எல்லாக் குளிர்காலத்திலும் எரிந்தவைதாம். அந்த ஐந்து நாள்கள் காற்று நின்றுவிட்டது, தலைகீழ் மாற்றம் கலையவில்லை. இறந்தவர்கள் சுமார் 4000 பேர் என அன்று கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. இரண்டாவது போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டிக் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் காற்றைவிடக் கனமானது. குளிர்கால இரவு, மெல்லிய காற்று, எழும்ப வழியில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மூச்சு உயரத்திலேயே அது நகர்ந்தது. அதே கசிவு நண்பகலில் நேர்ந்திருந்தால் எப்படிப் பரவியிருக்கும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவரால் இப்போது ஊகிக்க முடியும். இதற்குமேல் அந்த நிகழ்வை வகுப்பில் விவரிப்பதில்லை.

புகைக்குப் பெயர் வைத்தல்

மூன்றாவது வேலை வீட்டுப்பாடம். காலை 7.30, பிற்பகல் 12.30, மாலை 5.30 என மூன்று வேளையும் கண்ணில் படும் ஏதாவது ஒரு புகையை ஒரே இடத்தில் நின்று வரைய வேண்டும். டீக்கடை அடுப்பு, அரிசி ஆலையின் புகைபோக்கி, நெல் அவிக்கும் இடம், செங்கல் சூளை எதுவானாலும் சரி. கிட்டே போகக் கூடாது. வானிலையியலார் புகை வடிவங்களுக்கு வைத்த பெயர்கள் உண்டு. நான் அவற்றைச் சொல்வதில்லை. பிள்ளைகளே வைக்கட்டும். பிற்பகலில் மேலும் கீழுமாக நெளிந்து போவது ‘சாரைப்பாம்பு’. மேகமூட்டத்தில் சீராக விரிவது ‘கூம்பு’. விடிகாலையில் தட்டையாக நீண்டு அந்தரத்தில் கிடப்பது ‘பாய்’. இவ்வளவு பொருத்தமாக எனக்கு வந்திருக்காது.

நான்காவது வடிவம்தான் நமக்கு முக்கியமானது. சூரியன் ஏறியதும் தரை சூடாகத் தொடங்கும். புரட்டல் கீழிருந்து மேலாக வளரும். அது வளர்ந்து வளர்ந்து, இரவெல்லாம் உயரே பாய் விரித்துக் கிடந்த புகையைத் தொடும் நேரத்தில் அந்தப் புகை முழுவதும் கீழே புரண்டு தரைக்கு வந்துவிடும். மேலே மூடி இன்னும் முழுதாக விலகியிருக்காது; கீழே கலக்கல் தொடங்கிவிட்டிருக்கும். குளிர்காலத்தில் இது நடப்பது ஏறக்குறைய காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில். நம் பிள்ளைகள் நடந்தும் மிதிவண்டியிலும் வருகிற நேரம். இறைவணக்கக் கூட்டம் நடக்கிற நேரம். இதற்கு ஒரு மாணவன் வைத்த பெயர் ‘கொட்டுது’.

கண்ணால் பார்ப்பதை அளவாக மாற்றவும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டன் வானிலை அலுவலகத்தைச் சேர்ந்த பிராங்க் பாஸ்குவில் 1961இல் ஓர் எளிய அட்டவணை வெளியிட்டார். காற்றின் வேகம், பகலில் வெயிலின் கடுமை, இரவில் மேகத்தின் அளவு. இந்த மூன்று மட்டும் தெரிந்தால் வளிமண்டலம் எவ்வளவு புரள்கிறது, எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்று ஆறு வகையாகப் பிரித்துவிடலாம். கணினி மாதிரிகள் எவ்வளவோ வளர்ந்த பிறகும் உலகெங்கும் ஆலைப் புகைபோக்கிகளுக்கான கணக்குகளில் இந்த ஆறு வகைகள் தொடர்ந்து புழங்கி வந்திருக்கின்றன. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வானிலைக் கோபுரம் அமைத்து, கடற்காற்று உள்ளே புகும்போது இந்த அடுக்குகள் எப்படி மாறுகின்றன என்று ஆய்வு செய்வதும் இதே கேள்விக்காகத்தான். பள்ளியில் இதையே மூன்று வகையாகச் சுருக்கிக்கொண்டோம். கம்பத்தில் கட்டிய ரிப்பன் தொங்குகிறதா, அசைகிறதா, படபடக்கிறதா. நிழல் கருமையாக விழுகிறதா, மங்கலாக விழுகிறதா. முந்தைய இரவு நட்சத்திரம் தெரிந்ததா. இதோடு நான்காவதாக ஒரு கட்டம்: அழகர்மலை. மடிப்புகள் தெரிகின்றனவா, வெறும் உருவம் மட்டுமா, மலையே இல்லையா? வானிலை நிலையங்களிலும் தொலைவு தெரிந்த அடையாளங்களை வைத்துப் பார்வைத் தொலைவைக் குறிக்கும் பழக்கம் உண்டு. பனிமூட்டமும் மலையை மறைக்கும் என்பதால், புல்லில் ஈரம் இருந்ததா என்றும் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரக் குறிப்பேட்டைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ‘7.30, பள்ளி வளாகம், வேப்பஞ்சருகு, பாய்.’ எங்கள் பள்ளியில் காலையில் கூட்டிச் சேர்க்கும் சருகும் காகிதமும் கழிவறைப் பக்கம் ஒரு மூலையில் எரிக்கப்பட்டு வந்தது. நம்மில் பலருடைய பள்ளிகளில் இது புதுச் செய்தி அல்ல. பிள்ளைகள் நேராகத் தூய்மைப் பணியாளர் அக்காவிடமே போய், “ஏன்க்கா காலையில எரிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டார்கள். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வந்தார்கள்.

“காத்து அடிக்கிற நேரத்துல தீ வச்சா பக்கத்துக் கூரைக்குப் போயிரும்டா. விடியக்கால காத்து அசையாது. அப்ப வச்சாத்தேன் ஒரே எடத்துல நின்னு எரியும்.”

இந்தப் பதிலைப் பலகையில் எழுதிப்போட்டு ஒரு பாடவேளை முழுதும் பேசினோம். அவர் சொன்னதில் பிழையே இல்லை. தீ பரவாமல் இருக்க எந்த அசைவின்மை உதவுகிறதோ, அதே அசைவின்மைதான் புகையைப் பிள்ளைகளின் மூச்சு உயரத்தில் நிறுத்தி வைக்கிறது. தீயை அவர் பார்த்தார், புகையை நாங்கள் பார்த்தோம். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது இங்கே பொருந்தாது. அவருடைய காரணத்தைக் கேட்காமல் எரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால், காற்று அடிக்கும் பதினொரு மணிக்கு யாராவது தீ வைத்து வேறு ஆபத்தில் முடிந்திருக்கும்.

சராசரி மறைக்கும் மணி

இனிக் கைப்பேசியில் தெரியும் எண்ணுக்கு வருவோம். “டீச்சர், மதுரை பச்சைக் கலர்ல இருக்கு” என்று ஒருவன் சொன்னான். அது பொய்யில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்பு 1984இல் ஆக்ராவிலும் அன்பாராவிலும் ஏழு நிலையங்களோடு தொடங்கியது. மதுரையில் கோச்சடை, குன்னத்தூர் சத்திரம் போன்ற இடங்களில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் திட்டத்தின்கீழ் மாதிரி எடுத்து வருகிறது. இத்தகைய நிலையங்களின் முறை எளியது, நேர்த்தியானது. எடை பார்த்த ஒரு வடிதாளின் வழியே காற்றை இழுக்கிறார்கள். பிறகு அந்தத் தாளை மீண்டும் எடை போடுகிறார்கள். கூடிய எடையை, இழுத்த காற்றின் கன அளவால் வகுத்தால் ஒரு கன மீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பது வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 24 மணி நேரம்; ஆண்டுக்கு 104 நாள் என்பது இலக்கு. தானியங்கி நிலையம் உள்ள ஊர்களில் மணிக்கு மணி தெரியும். நம் கிராமத்து எண் பெரும்பாலும் தொலைவிலுள்ள ஒரு நிலையத்தையோ கணினி மதிப்பீட்டையோ சார்ந்தது.

2009 நவம்பரில் அறிவித்த தேசியத் தரநிலைப்படி, 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான அளவும் உள்ள துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டரை மைக்ரோமீட்டர் நுண்துகளுக்கு 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு அளவை முறையே 45, 15 என்று வைத்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது. ஆனால் நான் வகுப்பில் அழுத்துவது ‘24 மணி நேரச் சராசரி’ என்ற சொல்லை.

இப்படி ஒரு கணக்கு. ஒரு நாளில் 22 மணி நேரம் துகள் அளவு 40. காலை இரண்டு மணி நேரம் மட்டும் 400. சராசரி என்ன? 22ஐ 40ஆல் பெருக்க 880. 2ஐ 400ஆல் பெருக்க 800. கூட்டினால் 1680, 24ஆல் வகுத்தால் 70. தரநிலைக்குள் இருக்கிறது. அட்டவணையில் அது நல்ல நாள். அந்த இரண்டு மணி நேரமும் மைதானத்தில் ஓட்டப் பயிற்சியில் இருந்த பிள்ளைக்கு? ஓடும்போது உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், அதுவும் வாய் வழியாக. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்துகள் மூக்கு மயிரில் நிற்காமல் நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை போகும். அரசு அளப்பதில் குறை என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடச் சராசரி இல்லாமல் முடியாது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கு இலக்கு வைப்பதும் ஆண்டுச் சராசரியை நம்பித்தான். பள்ளிக்கு வேண்டியது சராசரி அல்ல, மணி. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு பண்டிகைகளையும் பார்க்கலாம். 2018 தீபாவளிக்கு முன் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் வரையறுத்தது. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு வெடிப்பது நம் வழக்கம் என்பதால், மொத்தம் இரண்டு மணிக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளத் தமிழ்நாட்டுக்கு அனுமதி கிடைத்தது. அரசு அறிவித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. மரபைப் பார்த்தால் நியாயமான பிரிப்பு. எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்து, கலப்பு உயரத்தை மட்டும் பார்த்தால் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டேன். “மத்தியானம்” என்று வகுப்பு முழுதும் கத்தியது. “மத்தியானம் மத்தாப்பு தெரியாதே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதுவும் சரிதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்துவிட்டால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. மழை காற்றைக் கழுவிவிடும். போகிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. தை பிறக்கும் முன்னாள் விடிகாலை, மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த நேரம், காற்று நிற்கும் வேளை. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் கலந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் பாதிக்கப்பட்டன. எரித்தவை பழம்பாயும் துணியும் மட்டுமல்ல, டயரும் பிளாஸ்டிக்கும் கூட என்பது உண்மை. ஆயினும் அதே குவியலை ஆடிக்காற்றில் கொளுத்தியிருந்தால் விமானம் நின்றிருக்காது.

இந்த வாக்கியத்தை நான் வகுப்பில் சொன்னபோது எதிர்பார்த்த கேள்வி வந்தது. “அப்ப ஆடி மாசம் எரிச்சாத் தப்பில்லையா டீச்சர்?”

அம்மியும் பறக்கும் காற்றில் எரித்தால் நம் கண் எரியாது. புகை எங்கே போகும்? ஆடியில் நமக்கு மேற்கிலிருந்து காற்று. புகை சிவகங்கைப் பக்கம் போகும். தையில் வடகிழக்கிலிருந்து காற்று. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் போகும். உயரமான புகைபோக்கி கட்டுவதும் இதே வேலைதான். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் அலகுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்தார்கள். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அடிவாரத்து ஊர் தப்பித்துக்கொள்ளும். பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அப்படி உயர்த்திக் கட்டிய புகைபோக்கிகளின் கந்தகம் நார்வே, சுவீடன் ஏரிகளில் அமில மழையாக இறங்கியது. 1979இல் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி அந்நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இன்னும் பெரிய அளவில் இதைக் காட்டியவர் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த வீரபத்ரன் இராமநாதன். பதினோரு வயதில் பெங்களூருக்குப் போனபோது ஆங்கிலவழி வகுப்பு புரியாமல் தானாகவே யோசித்துப் படிக்கப் பழகியதாக அவர் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல நான் தவறுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1999இல் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, குளிர்கால வடகிழக்குக் காற்று தெற்காசியாவின் புகையைக் கடல் மேல் பழுப்பு மூட்டமாக விரிப்பதையும், அது கடற்பரப்பை அடையும் வெயிலைக் குறைப்பதையும் அளந்து காட்டியது. நம் மூலையில் எரியும் சருகும் அதில் ஒரு துளி.

இங்கேதான் காற்றுத்தரப் பாடமும் காலநிலைப் பாடமும் பிரிகின்றன. துகள் சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு அப்படிப் போகாது. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எவ்வளவு நன்றாகக் காற்று அடித்தாலும் இந்த எண் குறையாது. கலைந்துபோவதையும் இல்லாமல்போவதையும் பிள்ளைகள் ஒன்றாகவே நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். சொட்டு நீலக் குடத்தை மறுபடி எடுத்து வைத்து, நீலம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டிய இடம் இது.

நல்ல காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்ட காற்றை அளக்க முடியும்? அதற்கான இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர் மாசு தொடாத பின்னணிக் காற்றைக் கவனிக்க வானிலை ஆய்வுத் துறை தேர்ந்தெடுத்த இடங்களில் மினிக்காய், போர்ட் பிளேர், ஸ்ரீநகர், ஜோத்பூர் ஆகியவற்றோடு கொடைக்கானலும் ஒன்று. மழைநீரின் வேதியியல், வளிமண்டலக் கலங்கல், ஓசோன் ஆகியவை அங்கே பதிவாகியிருக்கின்றன. அந்த மலைக்கு அறிவியல் போனதற்கே பஞ்சம் ஒரு காரணம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்குப் பின் அமைந்த ஆணையம், சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியச் சூரியனை முறையாகக் கவனிக்க வேண்டும் என்றது. சமவெளியின் தூசியும் மங்கலும் இல்லாத இடமாகத் தேடிப் பழனி மலையில் கொடைக்கானலைத் தேர்ந்தார்கள். 1899இல் ஆய்வகம் எழுந்தது. அன்று அது மதுரை மாவட்டம். தெளிந்த நாளில் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து சமவெளியைப் பார்க்கலாம். சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் குளிர்காலக் காலையில் அங்கே பத்து நிமிடம் நிறுத்துங்கள். கீழே மங்கல் ஒரு மட்டத்தில் வெட்டியது போல நிற்பதைக் காணலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் பார்த்த அதே கோடு.

எங்கள் பள்ளியில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்காக. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்கள் மூன்று வார வரைபடங்களை வைத்தார்கள். தூய்மைப் பணியாளர் அக்காவும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருந்த சிக்கல் நேரமும் இடமும்தான்: குவியலை அப்படியே விட்டால் பத்து மணிக் காற்றில் வளாகமெல்லாம் பறக்கும், மறுபடி கூட்ட வேண்டும். வேலியோரம் இரண்டு குழி வெட்டினோம். சருகு குழிக்கு, அதன் மேல் நனைத்த சாக்கு. மிட்டாய்த்தாளும் பிளாஸ்டிக்கும் தனிச் சாக்கில் ஊராட்சித் தூய்மைக் காவலரிடம். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே 5,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை தண்டம் விதித்திருக்கிறது என்பதையும் கூட்டத்தில் வாசித்தோம், அது பயமுறுத்துவதற்காக அல்ல, குழி வெட்டப் பணம் ஒதுக்கச் சொல்வதற்காக. ஓட்டப் பயிற்சியை மார்கழி, தை மாதங்களில் மட்டும் மாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டார் உடற்கல்வி ஆசிரியர்.

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது இரண்டு குழியும் பத்து நாளில் நிறைந்துவிட்டன. மூன்றாவது குழிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குறிப்பேட்டை இந்த ஆண்டு எட்டாம் வகுப்பிடம் ஒப்படைத்தபோது, ‘கரும்புத் தோகை’ என்று ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டுத் தந்திருக்கிறார்கள் பழைய மாணவர்கள். வெட்டு முடிந்ததும் பக்கத்து வயல்களில் எரிப்பது எந்த வேளையில் என்று பார்க்க வேண்டுமாம். அதில் இரண்டு பேருடைய அப்பாக்கள் கரும்பு போட்டிருக்கிறார்கள்.